மீல் மேக்கரா, ஆளி விதையா, எள்ளா, மாத்திரையா: தாவர ஈஸ்ட்ரோஜனும் மார்பகப் புற்றுநோயும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை எடுக்கத் தொடங்கிய மூன்றாவது மாதத்தில், என் அக்கா குருமாவிலிருந்த மீல் மேக்கர் உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கரண்டியால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். சோயாவில் பெண்களுக்குரிய ஹார்மோன் இருக்கிறது, அது கட்டியை மறுபடியும் வளர்த்துவிடும் என்று சிகிச்சைக்குப் போன இடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதே வாரத்தில், இரவெல்லாம் உடம்பு தகிக்கிறது, தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கிறது என்று அவர் அலுத்துக்கொண்டதைக் கேட்ட மாடி வீட்டுத் தோழி ஒருவர், இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது என்று சொல்லி ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். டப்பாவைத் திருப்பிப் படித்தேன். ஒரு மாத்திரையில் சோயா ஐசோஃபிளேவோன் 80 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. தட்டின் ஓரத்தில் கிடந்த பத்து உருண்டைகளில் இருந்ததும் அதே பொருள்தான். அளவோ அந்த மாத்திரையில் இருப்பதில் பாதிகூட வராது. சாப்பாடாக வந்ததற்கு அஞ்சியவர், அதையே செறிவாக்கி அடைத்த மாத்திரையை நம்பி விழுங்கவிருந்தார்.

சோயா சாப்பிடலாமா, கூடாதா என்று மட்டும் கேட்டால் ஆளுக்கொரு விடை வருவதற்குக் காரணம் இருக்கிறது. எந்த வடிவத்தில், எவ்வளவு என்பதும், யாருடைய உடம்பில், எந்த வயதில் என்பதும் அந்தக் கேள்வியில் விடுபட்டுப் போகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்த வீடுகளில் பலவற்றில் இந்தக் கேள்வி எழுந்திருக்கும் என்பதால், சோயா உணவு, ஆளி விதை, எள், ஐசோஃபிளேவோன் மாத்திரை, இவை எதுவுமே வேண்டாம் என்று முற்றிலும் விலக்குவது ஆகிய ஐந்து வழிகளையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நான் மருத்துவர் அல்லர்; அக்காவுக்காக ஆய்வுகளைத் தேடிப் படித்தவன், அவ்வளவே.

தாவர ஈஸ்ட்ரோஜன் என்பது ஒரே பொருளின் பெயரன்று. நம் உடலில் சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை உருவத்தில் ஓரளவு ஒத்திருந்து, செல்களில் அது சென்று ஒட்டிக்கொள்ளும் அதே ஏற்பிகளில் (ஹார்மோனின் செய்தியை வாங்கும் புரதங்களில்) தாமும் ஒட்டிக்கொள்ளக்கூடிய தாவரப் பொருள்கள் பலவற்றுக்கும் சேர்த்து வழங்கும் பெயர் அது. சோயாவில் இருப்பவை ஜெனிஸ்டீன், டைட்சீன் முதலிய ஐசோஃபிளேவோன்கள். ஆளி விதையிலும் எள்ளிலும் இருப்பவை லிக்னான்கள். இவற்றை நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் என்டரோலாக்டோன், என்டரோடயால் என்னும் பொருள்களாக மாற்றிய பிறகுதான் அவை ஏற்பிகளில் வேலை செய்கின்றன. முளைகட்டிய பயறில் கூமெஸ்ட்ரால் என்ற இன்னொரு வகை சிறிதளவு உண்டு. ஆனால் சுண்டலுக்கும் சாலடுக்கும் நாம் பயன்படுத்தும் அளவு இந்த ஒப்பீட்டில் பொருட்படுத்தத் தக்கதன்று.

ஏற்பியிலும் இரண்டு வகை இருக்கின்றன. ஆல்ஃபா வகை நெடுங்காலமாகத் தெரிந்தது. பீட்டா வகையை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டில்தான் வெளியுலகுக்கு அறிவித்தனர். மார்பகச் செல்களைப் பெருகச் சொல்லித் தூண்டுவதில் ஆல்ஃபாவின் பங்கு பெரிது. பீட்டா பெரும்பாலும் அந்தத் தூண்டுதலை மட்டுப்படுத்துகிறது. உடலின் ஈஸ்ட்ரோஜன் இரண்டிலும் வலுவாக ஒட்டிக்கொள்ள, ஜெனிஸ்டீன் பீட்டாவையே அதிகம் நாடுகிறது. ஈஸ்ட்ரோஜனைப் போலத் தோற்றமளிப்பதாலேயே ஒரு பொருள் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனின் வேலையைச் செய்துவிடும் என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு அக்கா தினமும் விழுங்கும் டமாக்சிஃபெனே போதிய சாட்சி: அதுவும் அதே ஏற்பியில்தான் ஒட்டுகிறது, மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது, எலும்பிலும் கருப்பையிலும் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது.

அச்சம் வந்த வழி

சோயா மீதான அச்சம் வெறும் வதந்தியாகப் பிறந்ததன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர் தீவனத்தை மேய்ந்துவந்த செம்மறி ஆடுகள் சினைபிடிக்காமல் போயின. இதைப் பற்றிய அறிக்கை 1946இல் வெளிவந்தது. குளோவரில் இருந்த ஐசோஃபிளேவோன் ஆட்டின் வயிற்றில் ஈக்வால் என்ற வலுவான பொருளாக மாறியதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அடுத்து எலிகள் வந்தன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், சூலகம் நீக்கப்பட்டு, நோய் எதிர்ப்பாற்றலும் இல்லாத சுண்டெலிகளின் உடலில் மனித மார்பகப் புற்றுநோய்ச் செல்களைப் பதித்து ஜெனிஸ்டீனைத் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது கட்டி வளர்ந்தது. 2002இல் வெளியான தொடர் ஆய்வில், டமாக்சிஃபென் கட்டியைச் சுருக்கும் வேலையையே ஜெனிஸ்டீன் கெடுத்தது. மருத்துவர்கள் சோயா வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியதற்கு இந்த எலிகளே முதற்காரணம். அன்று இருந்த சான்றை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் குறைகாண முடியாது.

ஆனால் எலியும் நாமும் ஐசோஃபிளேவோனை ஒரே மாதிரி கையாளுவதில்லை. மனித உடல் அதைக் குடற்சுவரிலும் கல்லீரலிலும் வேறு மூலக்கூறுகளோடு இணைத்து வலுவிழக்கச் செய்துவிடுகிறது. இரத்தத்தில் தனித்து, செயல்படும் நிலையில் ஓடும் பங்கு மிகச் சிறிது. சுண்டெலிகளின் இரத்தத்தில் அந்தப் பங்கு பல மடங்கு அதிகம் என்று 2011இல் வெளியான அளவீடுகள் காட்டின. எலிக்குப் பொருந்துவது நமக்கும் பொருந்துமா என்ற ஐயத்தைத் தீர்க்க மனிதர்களிடம்தான் போக வேண்டியிருந்தது.

சோயா உணவு: சான்று அதிகம் உள்ள வழி

மனிதர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் என் மனத்தை மாற்றியது சீனாவின் ஷாங்காய் நகரில் நடந்தது. 2002 முதல் 2006 வரை அங்கே மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் பெண்களை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2009 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். சோயா புரதத்தை மிக அதிகமாக உண்ட கால்பங்குப் பெண்களில், மிகக் குறைவாக உண்ட கால்பங்கினரோடு ஒப்பிட, இறப்பு 29 சதவீதமும் நோய் திரும்புவது 32 சதவீதமும் குறைவாக இருந்தன. கட்டி ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளதா இல்லாததா, டமாக்சிஃபென் எடுத்தார்களா இல்லையா என்று பிரித்துப் பார்த்தபோதும் போக்கு மாறவில்லை. நாளொன்றுக்கு 11 கிராம் சோயா புரதம் வரை பலன் ஏறி, அதற்கு மேல் உண்டவர்களிடம் கூடுதல் பலன் எதுவும் தென்படாமல் சமமாகிவிட்டது. கூடக்கூட நல்லது என்று எண்ணுபவர்கள் கடைசி வாக்கியத்தை மறுபடியும் படிக்க வேண்டும்.

ஷாங்காய்ப் பெண்கள் சிறுவயது முதலே டோஃபு என்னும் சோயாப் பன்னீரைத் தின்று வளர்ந்தவர்கள் என்பதால் அவர்களுடைய முடிவை மற்றவர்களுக்குப் பொருத்தலாமா என்ற கேள்வி உடனே எழுந்தது. அமெரிக்க ஆய்வுகள் இரண்டையும் ஷாங்காய் ஆய்வையும் சேர்த்து 9,514 பெண்களை ஒன்றாக ஆராய்ந்து 2012இல் வெளியிட்டபோது, நாளுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஐசோஃபிளேவோன் உண்டவர்களுக்கு நோய் திரும்புவது 25 சதவீதம் குறைவாக இருந்தது. 2017இல் வட அமெரிக்காவில் வாழும் 6,235 பெண்களிடம் பார்த்ததில் இறப்பு 21 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அந்தப் பலன் ஹார்மோன் ஏற்பி இல்லாத கட்டி உடையவர்களிடமும் ஹார்மோன் தடுப்பு மருந்து எடுக்காதவர்களிடமும்தான் தெளிவாகத் தெரிந்தது. என் அக்காவைப் போல டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு இந்த ஆய்வு பலனை உறுதிசெய்யவில்லை, தீங்கையும் காட்டவில்லை. சினைப்பை ஓய்ந்த பிறகு தரப்படும் அனஸ்ட்ரோசோல் போன்ற மருந்துகள் இரத்த ஈஸ்ட்ரோஜனை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவதால், சோயாவின் சிறு தூண்டுதலும் அங்கே பெரிதாகிவிடுமோ என்ற ஐயம் நியாயமானது. சீனாவின் ஹார்பின் நகரில் 524 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வில், அந்த மருந்தை எடுத்தவர்களுள் சோயா அதிகம் உண்டோருக்கே நோய் திரும்புவது குறைவாக இருந்தது.

இவையனைத்தும் கவனித்துப் பார்த்த ஆய்வுகளே. ஒரு கூட்டத்துக்குச் சோயாவும் மற்றொரு கூட்டத்துக்கு வேறொன்றும் கொடுத்துச் சோதித்தவை அல்ல. டோஃபு விரும்பி உண்பவர் கறியைக் குறைத்துக் காயை அதிகம் உண்பவராகவும், நடைப்பயிற்சியை விடாதவராகவும் இருக்கக்கூடும். அந்தக் கலப்பை எவ்வளவு கணக்கிட்டு நீக்கினாலும் கொஞ்சம் தங்கிவிடும். ஆகவே சோயா நோயைத் திரும்பவிடாமல் காக்கிறது என்பதைவிட, உணவளவில் சோயா தீங்கு செய்கிறது என்பதற்கு மனிதர்களிடம் சான்று கிடைக்கவில்லை என்பதையே நான் இவற்றிலிருந்து உறுதியாக எடுத்துக்கொள்கிறேன். உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 2014இல் வெளியிட்ட அறிக்கையும், சோயா உண்போர் அதிக காலம் வாழ்வதைச் சுட்டும் சான்று உண்டு, ஆனால் அது வரம்புக்குட்பட்டது என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

நோய் வராதவர்களுக்கு வருமுன் காக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை இன்னும் மங்கலானது. 2008இல் வெளியான தொகுப்பாய்வில், ஆசியப் பெண்களுள் நாளுக்கு 20 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் உண்டவர்களுக்கு, 5 மில்லிகிராமுக்குக் குறைவாக உண்டவர்களைவிட ஆபத்து 29 சதவீதம் குறைவு. மேலை நாட்டுப் பெண்களிடம் எந்தத் தொடர்பும் இல்லை. அவர்கள் உண்டது நாளுக்கு ஒரு மில்லிகிராமைக்கூடத் தொடவில்லை. சீனாவில் மூன்று லட்சம் பெண்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2020இல் வெளியான பெரிய ஆய்வோ, அந்தப் பெண்கள் உண்ட அளவில் ஆபத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றது. ஜப்பானில் 21,852 பெண்களிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வு ஆபத்து கணிசமாகக் குறைவதைக் காட்டியது. இப்படி முன்னும் பின்னுமாக இருக்கும் முடிவுகளில் ஒரு நூல் மட்டும் அறாமல் ஓடுகிறது: எந்த வயதில் உண்ணத் தொடங்கினார்கள் என்பது. எழுபத்து மூன்றாயிரம் ஷாங்காய்ப் பெண்களைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், வளரிளம் பருவத்திலும் அதற்குப் பின்னும் தொடர்ந்து சோயா உண்டவர்களுக்கே மாதவிடாய் நிற்பதற்கு முன் வரும் மார்பகப் புற்றுநோய் வெகுவாகக் குறைந்திருந்தது. நம் ஊரில் பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றித் தருவதையும் இதையும் முடிச்சுப்போட்டு யாரேனும் பெருமை பேசுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: உளுந்தில் சோயா அளவுக்கு ஐசோஃபிளேவோன் கிடையாது. ஐம்பது வயதில் தொடங்கி அந்தப் பலனை எட்டிப் பிடிக்கலாம் என்பதற்கும் சான்று இல்லை.

சமையலறைக் கணக்குக்கு வருவோம். காய்ந்த மீல் மேக்கர் 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம் இருக்கிறது. ஒருவருக்கு 20 கிராம் ஊறவைத்தால், ஷாங்காய் ஆய்வு சொன்ன 11 கிராம் புரதத்தை ஒட்டி வந்துவிடும். எண்ணெய் எடுத்த சோயா மாவைப் பிதுக்கிச் செய்வதால் அதில் ஐசோஃபிளேவோன் தங்கியிருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்து தண்ணீரைக் கொட்டும்போது அதில் ஒரு பகுதி போய்விடும். ஒரு டம்ளர் சோயாப் பாலிலும், 100 கிராம் டோஃபுவிலும் சுமார் 20 முதல் 30 மில்லிகிராம் கிடைக்கும். சோயா எண்ணெயில் ஐசோஃபிளேவோன் இல்லை என்றே சொல்லலாம், சோயா சாஸில் பெயருக்குத்தான் இருக்கிறது. ஆகவே ஃப்ரைடு ரைஸில் ஊற்றிய ஒரு கரண்டி சாஸுக்காகக் கவலைப்படுவதும் அதைச் சாப்பிட்டுப் பலன் தேடுவதும் ஒருசேர வீண். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும், சோயா அம்மருந்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையில் சில மணி நேரம் விட வேண்டும்.

ஆளி விதை: சிறிய ஆய்வு, நல்ல அறிகுறி

ஆளி விதைக்குச் சோயாவைப் போல ஆயிரக்கணக்கான பேரின் கணக்கு இல்லை. ஆனால் மேலே சொன்ன சோயா உணவு ஆய்வுகளில் இல்லாத ஒன்று இதற்கு இருக்கிறது. கனடாவின் டொராண்டோவில், புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த, மாதவிடாய் நின்ற 32 பெண்களுக்கு, யாருக்கு எது என்று தெரியாத வகையில், ஒரு சாராருக்கு 25 கிராம் ஆளி விதை கலந்த மஃபினும் மற்றவர்களுக்கு அது கலக்காத மஃபினும் தினமும் கொடுத்தார்கள். 2005இல் வெளியான அதன் முடிவில், ஆளி விதை உண்டவர்களின் கட்டியில் செல் பெருக்கத்தைக் காட்டும் குறியீடு 34 சதவீதம் குறைந்திருந்தது. தாமே மடியும் செல்கள் கூடியிருந்தன. முப்பத்திரண்டு பேர் என்பது கை விரலால் எண்ணத்தக்க கூட்டம், கட்டியின் குறியீடு மாறியது என்பது ஆயுள் கூடியது என்பதாகாது. இருந்தாலும் மனிதரின் கட்டியிலேயே நேராகப் பார்த்த சோதனை என்பதால் இதற்கு நான் தனி மதிப்புத் தருகிறேன். லிக்னான் அதிகம் உண்ட பிரெஞ்சுப் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோய் 17 சதவீதம் குறைவு என்று 58,049 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் சொன்னதும் இதே திசையைக் காட்டுகிறது; ஆனால் அவர்களுக்கு லிக்னான் பெரும்பாலும் காய், பழம், தானியம் வழியாகவே வந்தது.

இதில் வீட்டில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. அக்கா முதல் இரண்டு வாரம் ஆளி விதையை முழுதாகவே தயிரில் தூவிச் சாப்பிட்டார். அதன் பளபளப்பான மேல்தோல் செரிமானத்தில் பெரும்பாலும் உடையாமல் வெளியேறிவிடும். உள்ளே இருக்கும் லிக்னானில் பெரும்பகுதி குடல் பாக்டீரியாவின் கைக்கு எட்டுவதில்லை. வெறும் வாணலியில் லேசாகச் சூடேற்றி, ஆறவைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து அடியில் பசைபோல அப்பிக்கொள்ளும். அரைத்தது சீக்கிரம் காறிப்போகும் என்பதால் ஒரு வாரத்துக்கு உரியதை மட்டும் அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். ஆளி விதை எண்ணெய் மாத்திரையாகக் கிடைப்பதில் லிக்னான் கிட்டத்தட்ட இல்லை, ஏனெனில் அது எண்ணெயோடு போகாமல் சக்கையிலேயே தங்கிவிடுகிறது. நார் மிகுந்தது ஆதலால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்; மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக் எடுக்கும் காலத்தில் குடல் பாக்டீரியாக்கள் மடிவதால் லிக்னானிலிருந்து கிடைப்பது குறைந்துபோகும்.

உடல் தகிப்பு அடங்கும் என்று நம்பி ஆளி விதை எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். அமெரிக்காவில் 188 பெண்களிடம் நடந்து 2012இல் வெளியான சோதனையில், ஆளி விதை கலந்த தின்பண்டமும் கலக்காத தின்பண்டமும் தகிப்பைக் குறைத்ததில் வேறுபாடு இருக்கவில்லை.

எள்: பரணில் இருந்த பதில்

நான்கு மடங்கு விலை கொடுத்து ஆளி விதையை வாங்கிவந்த பிறகுதான் எள்ளைப் பற்றி நான் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளி விதை ஆய்வை நடத்திய அதே டொராண்டோ குழுவினர், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு கட்டத்தில் 25 கிராம் ஆளி விதையும் மற்றொரு கட்டத்தில் 25 கிராம் எள்ளும் தினமும் கொடுத்துச் சிறுநீரில் வெளிவரும் என்டரோலாக்டோன் முதலியவற்றை அளந்தனர். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தது. இது 2005இல் வெளியானது. எள்ளின் முதன்மை லிக்னானான செசமின் எண்ணெயில் கரைவது ஆதலால், ஆளி விதைக்கு நேர்மாறாக, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயிலும் அது கணிசமாக இறங்கிவிடுகிறது. இட்லிப் பொடியிலும் எள்ளுச் சாதத்திலும் எள்ளுருண்டையிலும் இருப்பது இதுவே.

ஆனால் எள் கட்டியை என்ன செய்கிறது என்று டொராண்டோ மஃபினைப் போல நோயாளிகளிடம் பார்த்த சான்றை நான் எள்ளின் பக்கத்தில் வைக்க முடியாது. மூலப்பொருளில் இரண்டும் இணை, சான்றில் ஆளி விதை ஒரு படி மேல் என்பதே என் கணிப்பு. பழக்கத்தையும் பணத்தையும் பார்த்தால் எள் இரண்டு படி மேல். எள்ளுருண்டையாகத் தின்றால் வெல்லமும் சேர்ந்து போகும் என்பதையும் மறக்கலாகாது; மாதவிடாய் நின்ற பின் கூடும் எடை, எந்தத் தாவர ஈஸ்ட்ரோஜனும் ஈடுசெய்ய முடியாத அளவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும், ஏனெனில் அந்த வயதில் உடலின் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. மதுவும் அப்படியே. தட்டில் உள்ள மீல் மேக்கரை எண்ணுவதில் செலவிடும் கவனத்தில் பாதியை இந்த இரண்டின் மீது செலுத்தினால் கைமேல் பலன் அதிகம்.

மாத்திரையும் புரதப் பொடியும்

ஐந்து வழிகளில் நான் தயங்காமல் தள்ளிவைப்பது இது ஒன்றைத்தான். மாதவிடாய் நிற்கும்போது தரப்பட்டுவந்த ஹார்மோன் சிகிச்சை மார்பகப் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று, 16,608 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2002இல் அறிவித்தபோது, அதை விட்டுவிட்டு வந்த பெண்களின் கூட்டத்தை ஐசோஃபிளேவோன் மாத்திரைகள் வரவேற்றன. நோய் வராத பெண்களுக்கு இவை தகிப்பை ஓரளவு குறைக்கின்றன என்பது உண்மை. அவர்களுக்கு நாளுக்கு 35 முதல் 150 மில்லிகிராம் வரை மார்பகத்திலும் கருப்பையிலும் தீங்கு எதுவும் தென்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் சார்ந்த புற்றுநோய் வந்தவர்களைப் பற்றி அதே முடிவைச் சொல்ல அது முன்வரவில்லை. இத்தாலியில் 150 மில்லிகிராமை ஐந்தாண்டுகள் எடுத்த பெண்களுள் சிலருக்குக் கருப்பையின் உட்சுவர் தடித்துப்போனதையும், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுள் ஒருவருக்கும் அப்படி ஆகாததையும் 2004இல் பதிவுசெய்திருக்கிறார்கள்.

நோய் வந்தவர்களிடம் நடந்த சோதனைதான் என்னை எச்சரித்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 140 பெண்களுள் ஒரு பாதியினருக்கு 25.8 கிராம் சோயா புரதப் பொடியை நாளுக்கு இரண்டு முறை கொடுத்தார்கள். ஏழு முதல் முப்பது நாள்கள்தாம். அதற்குள்ளேயே, இரத்தத்தில் ஜெனிஸ்டீன் மிகுந்த சிலரின் கட்டியில், செல் பெருக்கத்தோடு தொடர்புடைய சில மரபணுக்கள் முடுக்கிவிடப்பட்டிருந்தன. செல் பெருக்கக் குறியீடு உயரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2014இல் வெளியான இந்தச் சோதனையில் கொடுத்த அளவு, குருமாவில் கிடந்த பத்து உருண்டைகளைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். உடற்பயிற்சிக் கூடங்களில் டப்பா டப்பாவாக விற்கும் சோயா புரதப் பொடியை இரண்டு வேளை கலக்கிக் குடிப்பவர் எளிதாக எட்டிவிடும் அளவு அது.

இவ்வளவு ஐயத்தைச் சுமந்துகொண்டு எடுத்தாலும், எதற்காக எடுக்கிறார்களோ அதாவது நடக்கிறதா? மார்பகப் புற்றுநோய் வந்து தகிப்பால் அவதிப்பட்ட 177 பெண்களுக்குச் சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரை கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது; வெறும் மாத்திரையைவிட அது ஒரு துளியும் மேலாக இல்லை.

எவருக்கு எது

புற்றுநோய் வராத, குடும்பத்திலும் இல்லாத பெண்ணுக்கு இந்த ஒப்பீட்டில் பெரிய முடிவெடுக்க ஒன்றுமில்லை. பிடித்ததைச் சாப்பிடலாம், வீட்டில் வளரும் பெண் பிள்ளைகளுக்குச் சோயாப் பாலோ மீல் மேக்கரோ கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. தாய்க்கோ சகோதரிக்கோ நோய் வந்த பெண்ணும் உணவைப் பொறுத்தவரை இதே இடத்தில்தான் நிற்கிறார். அவர் கவனம் செலுத்த வேண்டியது எந்த வயதிலிருந்து பரிசோதனை தொடங்குவது என்பதில்தான்.

டமாக்சிஃபெனோ, அனஸ்ட்ரோசோல் வகையைச் சேர்ந்த லெட்ரோசோலோ எடுப்பவருக்கு, வாரத்தில் சில நாள்கள் ஒருவேளைச் சோயா உணவு, தினமும் ஒன்றிரண்டு தேக்கரண்டி அரைத்த ஆளி விதை அல்லது எள்ளுப் பொடி என்ற அளவில் நிற்பது, இருக்கும் சான்றுகளோடு முரண்படாத வழி. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சோயாவை உணவாக உண்பதை ஏற்று, மாத்திரையாக எடுப்பதைப் பரிந்துரைக்காமல் விடுகிறது. இதற்கு முன் சோயாவே சாப்பிட்டிராத ஒருவர், சிகிச்சைக்குப் பின் புதிதாகத் தொடங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சோயாவை முழுதாக விலக்குவதிலும் கேடொன்றுமில்லை, சைவ உணவுக்காரராக இருந்து, கீமோவுக்குப் பின் பசியும் தசையும் குன்றிப்போன நிலையில், மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதத்தை இழக்காத வரையில்.

அக்கா சைவம். ஆகவே எங்கள் வீட்டில் மீல் மேக்கர் திரும்பிவந்துவிட்டது, வாரம் இரண்டு நாள், ஆளுக்கு ஒரு கைப்பிடி. ஆளி விதைப் பொட்டலம் தீர்ந்த பிறகு மறுபடி வாங்கவில்லை. கறுப்பு எள்ளை வறுத்து மிளகாய் சேர்த்து இடித்து வைத்திருக்கிறோம். மாடி வீட்டுத் தோழி கொடுத்த டப்பாவை அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது கைப்பையில் எடுத்துக்கொண்டு போனோம். மருத்துவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையின் ஓரத்தில் வைத்தார். தகிப்புக்கு டமாக்சிஃபெனோடு ஒத்துப்போகும் வென்லாஃபாக்சின் போன்ற மருந்துகள் இருக்கின்றன என்றும், மனச்சோர்வுக்குத் தரும் பரோக்சிட்டின், ஃப்ளூவாக்சிட்டின் ஆகியவை டமாக்சிஃபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுப்பதால் யாரையும் கேட்காமல் எடுத்துவிடக் கூடாது என்றும் சொன்னார். இரவில் எத்தனை முறை தூக்கம் கலைகிறது என்று எழுதிவரும்படி ஒரு தாளைக் கொடுத்தார். அது இப்போது எள்ளுப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், பேனா செருகியபடி இருக்கிறது.